ஸ்தோத்திரப் பெட்டியில் விழுந்த கவலைகள்

நேமம்,
ஞாயிறு, மதியம் 2.20

கர்த்தருக்குள் பிரியமான சரோஜம் அக்காவுக்கு,

தம்பி சத்தியநேசன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. உனக்கும் அத்தானுக்கும், அத்தானின் முழங்காலுக்கும் தேவன் நல்ல சுகத்தைத் தருவாராக. இங்கே நானும் என் வீட்டுக்காரி எலிசாளும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, எலிசாள் சுகம். ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். நீ ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாய், அத்தான் கேட்பார், அத்தான் கேட்டால் மார்த்தாண்டம் சந்தையே கேட்கும். இன்று காலை நடந்ததை ஒரு சபை முழுக்கக் கேட்டாகிவிட்டது. சந்தையும் கேட்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். நம் அஞ்சுவுக்கு மூன்றாம் மாதம். போன வருஷம் ஒன்று கலைந்து போனது உனக்குத் தெரியும், அதனால் இந்தமுறை ஸ்கேன் முடியும்வரை என்னையும் எலிசாளையும் தவிர யாருக்கும் தெரியக்கூடாது என்று அவளும் மருமகன் பிஜுவும் சொல்லிவிட்டார்கள். பிஜுவின் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. தெரியாது என்றால், இன்று காலை பத்து நாற்பது வரைக்கும் தெரியாது. அதற்குப் பிறகு பாலராமபுரம் வரைக்கும் தெரிந்திருக்கும்.

அக்கா, நான் முப்பத்தோரு வருஷம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவன். ஒரு வண்டி வரவேண்டிய நேரத்துக்கு வராவிட்டால் அது எங்கே கவிழ்ந்து கிடக்கிறது என்று யோசிப்பதுதான் எனக்குச் சம்பளம் தந்த வேலை. அப்படிப்பட்டவனிடம் மகள் இந்தச் செய்தியைச் சொன்னால் சும்மா இருப்பேனா? காலை ஆறரைக்கு ஒரு ஃபோன், எழுந்தாளா என்று. எட்டுக்கு ஒன்று, சாப்பிட்டாளா என்று. ஒன்பதரைக்கு, கழக்கூட்டம் ஹைவேயைக் கடந்து ஆபீஸ் போய்ச் சேர்ந்தாளா என்று. இப்படி நாளைக்கு ஏழு டிரிப். மகள் பத்து நாள் பொறுத்தாள். பதினோராம் நாள் நேரில் வந்து என் எதிரே உட்கார்ந்தாள். "அப்பா, நீங்க ஃபோன்ல விளிச்சு விளிச்சு எனக்குத்தான் பேடியா, பயமா இருக்கு. நான் சும்மா இருந்தாலும் என்னமோ நடக்கப்போகுதுன்னு தோணுது. டாக்டர் நிம்மதியா இருக்கச் சொல்லியிருக்காங்க, கேட்டேளா? இப்படித்தான் இருப்பீங்கன்னா ஏழாம் மாசம் நான் இங்க வரல்ல. ஃபிளாட்டுலயே இருந்துக்கிறேன், பிஜுவுக்க அம்மா வந்து நிப்பாங்க" என்றாள்.

தலைப்பிரசவத்துக்கு மகள் நம் வீட்டுக்கு வரவில்லை என்றால் நான் எந்த முகத்தோடு வெளியே நடப்பேன்? முகம் கிடக்கட்டும். நான் அந்த வீட்டுக்குள் எப்படி இருப்பேன்? தெற்குப் பக்கத்து அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று. குளியலறைக்கு வழுக்காத பாய் மூன்று வாங்கிப் போட்டாயிற்று. அதில் ஒன்றில் கால் தடுக்கி நான்தான் விழுந்தேன். "என்ன செய்யணும்னு சொல்லு மக்களே, செய்யிறேன்" என்று கெஞ்சினேன்.

அவள் ஆபீஸில் மனசைப் பற்றி ஒரு வகுப்பு நடந்ததாம். அதிலிருந்து மூன்று காரியம் சொன்னாள். காலையில் ஃபோனைத் தொடுமுன் ஐந்து நிமிஷம் ஜன்னலோரம் உட்கார்ந்து மூச்சைக் கவனிக்க வேண்டும். கவலை எப்போது வந்தாலும் ஒரு தாளில் எழுதிவிட்டு, சாயங்காலம் ஐந்திலிருந்து ஐந்தேகால் வரைக்கும் மட்டும் கவலைப்பட வேண்டும். படுக்குமுன் அன்று உண்மையாகவே நடந்த நல்ல விஷயம் மூன்று எழுத வேண்டும். "பொய்யா சந்தோசப்படண்டாம்பா. பேடி இருந்தா இருக்கட்டும். அதுக்கப் பக்கத்துல நல்லதும் இருக்கில்லா, அதையும் கொஞ்சம் பாருங்கன்னுதான் சொல்றேன்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதையும் அன்றைய கவலையில் சேர்த்துக்கொண்டேன், கண்ணில் ஏதாவது நோயோ என்று.

தாளுக்கு எங்கே போக? டிப்போவில் கழித்துப்போட்ட பழைய டிரிப் ஷீட் கட்டு ஒன்று பரணில் கிடந்தது. புறப்பாடு, வருகை, ரிமார்க்ஸ் என்று கட்டமெல்லாம் போட்டே இருக்கிறது. நான் கவலைகளை வண்டி போலவே ஏற்றினேன். 'அஞ்சு குளியலறையில் வழுக்கி விழுவது, புறப்பாடு 6.10, வருகை இல்லை.' 'பிஜு பைக்கில் போகையில் பின்னால் லாரி, புறப்பாடு 8.45, வருகை இல்லை.' அக்கா, இருபத்தொரு நாளில் எண்பத்தேழு கவலை புறப்பட்டிருக்கிறது. வந்து சேர்ந்தது மூன்றே மூன்று: கேஸ் தீர்ந்தது, என் செருப்பு அறுந்தது, கனமழையில் கரண்ட் போனது. இப்படி எண்பத்து நாலு வண்டி வராத டிப்போவை எந்தக் காலத்திலோ இழுத்து மூடியிருப்பார்கள். எனக்கே என்னைக் கண்டு சிரிப்பு வந்தது.

நல்ல விஷயம் எழுதுவதுதான் பாடு. முதல் நாள், 'ஒன்று, இன்று ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு, நேற்றும் நடக்கவில்லை. மூன்று, நாளை தெரியாது' என்று எழுதிப் படம் பிடித்து அஞ்சுவுக்கு அனுப்பினேன். "இது நல்ல விசயம் இல்லப்பா, இது ரிப்போர்ட்டு" என்று பதில் வந்தது. போகப்போகப் பழகியது. ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, எலிசாள் தேங்காய் துருவும்போது ஒரு பாட்டை முனகுகிறாள் என்று எழுதினேன். அவளிடம் கேட்டேன். "கல்யாணம் களிஞ்ச நாள் முதல் இதைத்தான் முனகுறேன், உங்களுக்கு இப்பத்தான் காது கேக்குதா?" என்றாள். ஃபோனையும் குறைத்துவிட்டேன். குறைத்தேன் என்றால் காலையில் விளிப்பதே இல்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரே ஒரு ஃபோன், "சுகம்தானே, செரி" என்று அரை நிமிஷத்தில் வைத்துவிடுவேன். கை அரிக்கும். காலை ஆறரைக்கு ஃபோனை அரிசிப் பானைக்குள் வைத்து மூடிவிட்டு ஜன்னலோரம் போய் உட்காருவேன். மூச்சைக் கவனித்தேனா பானையைக் கவனித்தேனா என்று கேட்காதே.

இதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குள் ஒரு சின்னப் பெருமை புகுந்தது. நம் சபையில் வாசலுக்கு வலப்புறம் ஸ்தோத்திரப் பெட்டி இருக்கிறதல்லவா, பெற்ற நன்மைகளை எழுதிப் போட்டால் ஞாயிற்றுக்கிழமை போதகர் ஐயா வாசிப்பார், ஒவ்வொன்றுக்கும் சபையார் "ஸ்தோத்திரம்" சொல்வார்கள். பிஜுவின் அம்மாவும் அதே சபைதான். என் நன்மைகளை அவர்கள் காதால் கேட்டால், சத்தியநேசன் திருந்திவிட்டான் என்று அவர்கள் வாயாலேயே அஞ்சுவிடம் போய்ச் சேருமே என்று கணக்குப் போட்டேன். எலிசாள் அப்போதே சொன்னாள், "நல்லது நடந்தா மனசுல வச்சா போராதா, ஊருகேக்க வாசிக்கணுமா?" என்று. நான் கேட்கவில்லை. நன்மைத் தாள்களை ஒரு பழுப்புக் கவரில் போட்டேன். கவலைத் தாள்களை இன்னொரு பழுப்புக் கவரில் போட்டேன், ஏனென்றால் எது நடந்தது எது நடக்கவில்லை என்று பார்த்துவிட்டு அவற்றைக் கிழித்துப்போட வேண்டும் என்பது அஞ்சுவின் சட்டம். நேற்றுச் சாயங்காலம் ஒரு கவரின்மேல் என் பெயரை எழுதிப் பெட்டியில் போட்டேன். வீட்டுக்கு வந்து மற்றதைத் திறந்துகூடப் பார்க்காமல் நாலாகக் கிழித்து அடுப்பில் வைத்தேன், பெரிய நிம்மதி வந்ததாகவும் நினைத்துக்கொண்டேன். அக்கா, நான் எரித்தது என்னுடைய இருபத்தொரு நாள் நன்மைகளை.

போதகர் ஐயா புதிதாக மாற்றலாகி வந்தவர். கண்ணாடியை மூக்குநுனியில் வைத்துக்கொண்டு, எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே வாசிப்பவர். "சகோதரர் சத்தியநேசன் கீழ்க்கண்ட நன்மைகளுக்காகக் கர்த்தரைத் துதிக்கிறார். ஒன்று, மகள் குளியலறையில் வழுக்கி விழுவது. புறப்பாடு ஆறு பத்து. வருகை இல்லை." சபையார் "ஸ்தோத்திரம்!" என்றார்கள். எழுந்து ஓடிப்போய்ப் பிடுங்கலாம் என்றால் எலிசாள் என் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டாள். "இரண்டு, எதிர்வீட்டுத் தாணுலிங்கத்தின் பலாமரம் நம் தண்ணீர்த் தொட்டிமேல் விழுவது. வருகை இல்லை." "ஸ்தோத்திரம்!" "மூன்று, போதகர் ஐயாவின் பிரசங்கம் நீண்டு எலிசாளுக்குத் தலைசுற்றல் வருவது. வருகை..." என்று அவரே ஒரு கணம் நின்று, "இல்லை" என்று மெதுவாகச் சொன்னார். இதற்குத்தான் எல்லோரும் சத்தமாக ஸ்தோத்திரம் சொன்னார்கள். "நான்கு, பிஜுவின் அம்மா பிரசவத்துக்கு வந்து நின்று, நம்மைவிட நன்றாக அஞ்சுவைப் பார்த்துக்கொள்வது. புறப்பாடு தினமும்." சபையில் பாதிப்பேர்தான் ஸ்தோத்திரம் சொன்னார்கள். மீதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள். "ஐந்து, அஞ்சுவுக்கு மூன்றாம் மாதம் என்பதை யாரிடமும் சொல்லக்கூடாது என்றாளே, என் வாயால் வெளியே வந்துவிடுவது."

ஒருவரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை.

பிஜுவின் அம்மா மூன்று வரிசைக்கு முன்னால் இருந்தார்கள். முந்தானையால் தலையை நன்றாக மூடிக்கொண்டு, ஆசீர்வாதம் முடிந்ததும் யாரிடமும் பேசாமல் ஆட்டோ ஏறிப் போய்விட்டார்கள். வீட்டுக்கு வருவதற்குள் அஞ்சுவிடமிருந்து ஃபோன். நான் நடந்ததெல்லாம் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் பரவாயில்லை. "ம். செரி. சாயங்காலம் வாறோம்" என்று வைத்துவிட்டாள். பிரசவத்துக்கு வரமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லத்தான் வருகிறாள், எனக்குத் தெரியும். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. குழந்தைக்காகப் பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், என் பயத்தாலேயே என் பிள்ளை என்னை விட்டு விலகிப்போகிறாள் என்று நினைக்கும்போது தாங்கவில்லை.

ஆகவே ஒரே ஒரு உபகாரம். அஞ்சு உன் பேச்சைத் தட்டமாட்டாள். இந்தக் கடிதம் உனக்குப் புதன்கிழமை கிடைக்கும், அதற்காகக் காத்திராமல் நீ திங்கட்கிழமை முதல் பஸ்சிலேயே புறப்பட்டு வந்துவிடு. ஜன்னலோரம் உட்காராதே, களியக்காவிளை தாண்டினால் தூசு. டிரைவருக்குப் பின்சீட்டும் வேண்டாம். நடுவில் உட்கார். வந்து, 'உன் அப்பன் நிஜமாகவே முயற்சி செய்தான், எண்பத்து நாலு வண்டி வரவில்லை என்று அவனே கண்டுபிடித்தான்' என்று நீதான் அவளிடம் சொல்ல வேண்டும். நன்மைகளுக்கு அத்தாட்சி கேட்டால் எலிசாளின் பாட்டைக் கேட்டுக்கொள்ளட்டும்.

சமாதானப் பிரபு உங்கள் வீட்டு வாசலையும் அத்தானின் முழங்காலையும் காப்பாராக. பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். கிணற்றுக்கு மூடி போட்டுவிட்டீர்களா?

உன் அன்புத் தம்பி,
சத்தியநேசன்

பின்குறிப்பு, இரவு 7.40: அக்கா, மேலே எழுதியது எதையும் மனசில் வைக்காதே. வரவேண்டாம். அல்லது வா, ஆனால் அழுதுகொண்டு வராதே. ஆறரைக்குக் கார் வந்தது. அஞ்சு, பிஜு, பின்னால் பிஜுவின் அம்மா ஒரு டின் அச்சப்பப் பலகாரத்தோடு. நான் மன்னிப்புக் கேட்க வாய் திறக்குமுன் அந்த அம்மா, "நான் உங்களைவிட நல்லாப் பாத்துக்குவேன்னு ஒரு சபைக்க நடுவுல இதுவரை ஒருத்தரும் சொன்னதில்ல. வீட்டுல போய்த் தனியா இருந்து கொஞ்சம் அழுதேன்" என்றார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தத் தாள் இன்னும் மிச்சம் இருக்கா? எனக்கும் ஒரு கட்டு வேணும்" என்று கேட்டார்கள்.

அஞ்சு தன் ஃபோனை என் கையில் தந்தாள். அவளும் தினமும் மூன்று நல்ல விஷயம் எழுதுகிறாளாம். பழைய நாட்களில் எல்லா நாளும் முதல் வரி ஒன்றுதான்: 'காலை ஆறரைக்கு அப்பா.' இருபத்தொரு நாளாக அந்த வரி இல்லை. "மத்த ஆறு விளியும் வேண்டாம்னுதான்பா சொன்னேன். இதையும் நிறுத்துவீங்கன்னு நான் கண்டேனா? சாயங்காலம் அரை நிமிசத்துல வச்சிட்டும் போறீங்க. உங்களுக்கு நெஞ்சுல ஏதோ இருக்கு, மறைக்கிறீங்கன்னு நான் இங்க பேடிச்சிட்டு இருக்கேன்" என்று என் தோளில் அடித்தாள்.

ஸ்கேன் வரைக்கும் லீவு போட்டிருக்கிறாள். பையோடுதான் வந்திருக்கிறாள். இப்போது தெற்கு அறையில் இருந்துகொண்டு, வழுக்காத பாய் மூன்றையும் எடுத்து வெளியே போடச் சொல்லிக் கத்துகிறாள். இந்தக் கடிதத்தைக் கிழிக்கலாம் என்று பார்த்தேன். நேற்றுக் கிழித்ததே போதும் என்று அனுப்புகிறேன். இன்றைய தாளில் கவலை எழுதும் பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதினேன், மற்ற கட்டங்களைக் கோடு போட்டு அடித்துவிட்டேன்: 'அஞ்சு. புறப்பாடு கழக்கூட்டம் 5.10. வருகை 6.30.'