‘உ’ என்ற ஊருக்கு ஒரு பஸ்

“மேடம், ‘ஊர்’ங்கிற ஊரு எங்கிட்டு இருக்கு?”

டிரைவர் மலையாண்டி நீட்டிய லிஸ்டைப் பார்த்து வைஷ்ணவி விழித்தாள்.

புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியின் பஸ்களைக் கவனிக்கும் வேலை அவளுக்கு. எந்த பஸ் எந்த ஊருக்குப் போனால் கிலோமீட்டர் குறையும் என்று நேற்று எக்செல்லில் கணக்குப் போட்டு, செய்ததை அப்படியே மேக்ரோவாகப் பதிவு செய்திருந்தாள். இனி பட்டனை அமுக்கினால் கம்ப்யூட்டரே எல்லாவற்றையும் திரும்பச் செய்யும்; இன்று அப்படி எடுத்த முதல் லிஸ்ட்தான் இது. ஐந்து மணிக்குச் செயலாளர் வந்து லிஸ்டைப் பார்ப்பார். பிடித்தால்தான் வேலை நிரந்தரம்.

ஷீட்டைத் திறந்தாள். உச்சியில் ஏற்கெனவே இருந்த ‘உ’வுக்கு மேலே புதிதாக ஒரு வரி, அதிலும் ஒரு ‘உ’.

“யாரு இதுல இன்னொரு பிள்ளையார் சுழி போட்டது?”

எல்லாம் ஒரு வரி கீழே இறங்கியிருந்தது. மேக்ரோவோ A3 கட்டத்திலிருந்துதான் படிப்பேன் என்று அடம்பிடித்து, ‘ஊர்’ என்ற தலைப்பையே ஊராக்கிவிட்டது. கடைசியிலிருந்த கட்டுமாவடிக்கு பஸ்ஸே இல்லை.

A3-ஐ A4 ஆக்கி ஓட்டினாள். மறுபடியும் ‘ஊர்’. நம்பாமல் இன்னொரு தடவை ஓட்டினாள்.

“மேடம், இப்ப மொத பஸ்ஸு ‘உ’வுக்குப் போவுது. கறம்பக்குடியையும் காணோம்.”

உச்சியில் நான்கு ‘உ’!

லீவு லெட்டரில்கூடச் சுழி போடுகிறவர் ஆபீஸில் ஒருவர்தான், தலைமை எழுத்தர் அடைக்கலம். ஃபைலுக்குப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிவிட்டு மறுபடி ஓட்டினாள். ஐந்து ‘உ’. நேராக அவர் மேஜைக்குப் போனாள்.

“ஒங்க பக்திய என் ஷீட்டுல காட்டாதீங்க சார்!”

ஆபீஸே திரும்பிப் பார்த்தது. பெரியவருக்கு முகம் சுண்டிப்போனது.

“எனக்குக் கம்ப்யூட்டர ஆன் பண்ணவே தெரியாதேம்மா. பேனாவுலதானே போடுறேன்?”

வைஷ்ணவிக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும், பூட்டிய ஃபைலுக்குள் வந்து போகிறவர் யார் என்ற கேள்வி அதைவிட அதிகமாகக் குடைந்தது. மணி நாலே முக்கால்.

“யாரா இருக்கும்?” என்று வாய்விட்டே கேட்டாள்.

கூட்டிக்கொண்டிருந்த அழகம்மாள் நிமிர்ந்தாள். “நீங்கதாம்மா. நேத்து அந்தப் பதிவு பண்ற பட்டன அமுக்கிப்புட்டு, மொத வேலையா மேல ஒரு வரி சேத்துச் சுழி போட்டீங்களே, அதையும்ல அது செய்யுது?”