டீயில் நிமிர்ந்த வேல்

சேரன்மகாதேவியில் முருகப்பெருமான் கிளை அலுவலகம் திறந்துவிட்டார் என்ற செய்தி, தொண்ணூற்றாறாம் வருஷத்துக் கோடையில் திருநெல்வேலிச் சீமை முழுக்கப் பரவியது. திருச்செந்தூருக்குப் போனால் வெயில், கூட்டம், திரும்பி வரப் பஸ் கிடைக்காத பாடு. இங்கே அப்படியில்லை. தாமிரபரணிக் கரையில், மூடிக்கிடந்த ஓர் அரிசி மில்லின் களத்தில், கீற்றுப் பந்தலுக்குக் கீழே, கேட்ட கேள்விக்குக் கேட்ட மாத்திரத்தில் பதில். அதுவும் ஆம், இல்லை என்று ஒரே சொல்லில். எந்தச் சர்க்கார் ஆபீஸில் இந்த வசதி உண்டு?

பதில் சொன்னது முருகன் அல்ல, அவருடைய வேல். ஆள் உயர வேலைக் கற்பனை செய்ய வேண்டாம். ஒரு சாண் நீளம், ஈர்க்குச்சி கனம், நுனியில் இலை மாதிரி சின்னத் தகடு. அவ்வளவுதான். அதன் சொந்தக்காரர் நிமிர்வேல் சித்தர். பொதிகை மலைக் குகையில் அவர் தவமிருந்தபோது வானத்திலிருந்து அவர் மடியில் விழுந்ததாம். தவமிருந்ததற்கு என்ன சாட்சி என்று யாராவது கேட்டால் சீடர்கள் அவருடைய தாடியைக் காட்டினார்கள்.

முறை இதுதான். பக்தர் தம் கேள்வியைச் சொல்லி, வேலைத் தம் கையாலேயே நடுவில் மடக்க வேண்டும். மெழுகு மாதிரி மடங்கும். சித்தர் அதை வாங்கிக் கண்ணை மூடி, தீர்த்தச் செம்புக்குள் இறக்குவார். வேல் நிமிர்ந்து எழுந்தால் முருகன் சம்மதித்தார். மடங்கியபடியே கிடந்தால் சம்மதமில்லை. செம்புகள் இரண்டு. எந்தக் கேள்விக்கு எந்தச் செம்பு என்பது சித்தருக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். உச்சி வெயிலில் தரிசனம் கிடையாது. அந்த நேரத்தில் வேல் உறங்குமாம்.

மடங்கிய கம்பி யாரும் தொடாமல் சோம்பல் முறித்து நிமிர்வதைக் கண்ணால் பார்த்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். காணாமல் போன பசுவைத் தேடுகிறவர்கள், சிங்கப்பூர் விசாவுக்குக் காத்திருக்கிறவர்கள், பரீட்சை எழுதி முடித்துவிட்ட பிள்ளை பாஸாகுமா என்று தெரிந்துகொள்ள விரும்பிய தாய்மார்கள் என்று வரிசை மில் வாசலைத் தாண்டி வாய்க்கால் பாலம் வரைக்கும் நின்றது. வரிசையில் சீடர்கள் மோர் கொடுத்துக்கொண்டே, “என்ன கவலை தாயி?” என்று அன்பாக விசாரித்தார்கள். விசாரித்தது சித்தர் காதுக்கும் போகும் என்று மோர் குடித்த யாருக்கும் தோன்றவில்லை.

இந்தத் திருப்பணிக்கு வரவேற்புக் குழுத் தலைவர் ஜம்பு வாத்தியார். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக் கொடுத்தவர். ‘எதையும் ஏன், எப்படி என்று கேட்க வேண்டும்’ என்று கரும்பலகையில் எழுதிப் போடுவார். கேட்ட பையனை பெஞ்சு மேல் ஏற்றுவார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது பௌதிகத்திலிருந்தும் ஓய்வு பெற்றுக்கொண்டார். “படிச்ச மனுஷர், வாத்தியாரே நம்புதாரு” என்று சனங்கள் நம்பினார்கள். “இத்தனை சனங்கள் நம்பறா” என்று வாத்தியார் நம்பினார். ஒருவரை ஒருவர் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

வாத்தியாரின் மகள் பார்கவி, மெட்ராஸில் இயந்திரப் பொறியியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். என்ன ஆராய்ச்சி என்று தகப்பனார் ஒருநாளும் கேட்டதில்லை. எப்போது முடியும் என்று மட்டும் கேட்பார், கல்யாணத்துக்காக. கோடை விடுமுறைக்கு அவள் ஊரில் வந்து இறங்கிய காலையில், வழக்கம்போல பஸ் ஸ்டாண்டு ஓரத்துச் செல்லக்கிளியின் இட்லிக் கடைக்குப் போனாள். கடை அடைத்திருந்தது. பின்பக்கம் வீட்டில், கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு செல்லக்கிளி உட்கார்ந்திருந்தாள். பாதத்தில் மஞ்சளும் திருநீறும் அப்பி, மேலே பழந்துணிக் கட்டு. பக்கத்தில் போனதும் வாடை வந்தது.

“என்னக்கா இது?”

“சக்கரைப் புண்ணும்மா. பெருவிரல் கறுத்துட்டு. பாளையங்கோட்டையில டாக்டரு விரலை எடுக்கணும்னாரு. இல்லன்னா காலுக்கு ஏறிரும்னு சொன்னாரு.”

“எடுக்கலியா?”

செல்லக்கிளி புருஷனைப் பார்த்தாள். இசக்கி, மாஞ்சோலைக்குப் போகும் பஸ்ஸின் டிரைவர். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியைப் பூப்போல இறக்குகிறவன் என்று எஸ்டேட் முழுக்க அவனுக்குப் பெயர்.

“வேல் நிமிரலியே தாயி” என்றான் இசக்கி. “ஆபரேசன் செய்யலாமான்னு கேட்டேன். மடங்கினது மடங்கினபடி கெடக்கு. மீறிக் கத்தி வச்சா உசுருக்கே ஆபத்துன்னு சாமி சொல்லுதாரு. நான் என்ன செய்ய?”

“வேல் நிமிர்றதா? அது எப்படி நிமிரும்?” என்றாள் பார்கவி.

இசக்கி கையை மடக்கி நிமிர்த்திக் காட்டினான். செம்பு, பூ, சாம்பிராணிப் புகை, உச்சி வெயிலில் தூங்குவது, எல்லாவற்றையும் பக்தியோடு சொன்னான். கேட்கக் கேட்கப் பார்கவியின் முகம் மாறியது. முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கட்டிலைப் பார்த்தாள், சிரிப்பு போய்விட்டது.

“அண்ணாச்சி, மாஞ்சோலையிலேர்ந்து பஸ்ஸை எறக்குறதுக்கு முன்னால பிரேக் பிடிக்குதான்னு எப்படிப் பாப்பீங்க?”

“மிதிச்சுத்தான் பாக்கணும்.”

“பிரேக் மாட்டின மெக்கானிக் ரொம்ப நல்லவர்னு நம்பி எறக்க மாட்டீங்களா?”

“அதெப்படி? வண்டி நிறைய சனம் இருக்குல்லா?”

“இங்க ஒரு சனந்தான் இருக்கு. அதனாலதான் மிதிச்சுப் பாக்கலியா?”

செல்லக்கிளி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

“இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்க்கா” என்றாள் பார்கவி.

“இவுக மனசு ஒப்பாமப் போயி, அங்கன எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா இவுக தாங்க மாட்டாகம்மா” என்றாள் செல்லக்கிளி. “இன்னொரு தடவை சாமிகிட்டக் கேட்டுருவோம். காலைத் தரிசனம் முடியலைல்லா.”

அவள் நொண்டிக்கொண்டே எழுந்து, சாமிக்கென்று பிளாஸ்க்கில் டீ ஊற்றினாள். புண்ணோடு இருந்தாலும் அந்தக் கைங்கரியத்தை அவள் விடவில்லை. மூவரும் ஆட்டோவில் மில்லுக்குப் போனார்கள். பிளாஸ்க்கைப் பார்கவி வாங்கிக்கொண்டாள்.

ஜம்பு வாத்தியார் வாசலிலேயே மகளைப் பார்த்துவிட்டார். “வந்துட்டியா! நேரா சன்னிதிக்கே வந்துட்டே பாரு, இதுதான் அவன் அழைப்பு. நீ ஆராய்ச்சியை விட்டுட்டுக் கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டேன். பட்டுனு நிமிர்ந்துடுத்துடி!”

“ரொம்ப சந்தோஷம்ப்பா” என்றாள் பார்கவி. “வேல் எதனால பண்ணியிருக்குன்னு கேட்டேளா?”

“அபச்சாரமாப் பேசப்படாது. வரிசையில வா.”

தலைவரின் மகள் என்பதால் வரிசையில் நிற்க வேண்டியிருக்கவில்லை. முருகன் சன்னிதியிலும் சிபாரிசு செல்லும்.

மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்கவி கவனித்தாள். ஒரு செம்பின் வாயில் மல்லிகைப் பூ அடர்த்தியாகப் பரப்பியிருந்தது. சாம்பிராணித் தூபக்கால் அதற்கு ஒட்டியே இருந்ததால் புகை எப்போதும் அந்தச் செம்பைச் சுற்றியே மண்டியது. இன்னொரு செம்பு திறந்தே கிடந்தது, ஆற்றுத் தண்ணீரோடு. நிமிர்ந்ததெல்லாம் பூச்செம்பில். மடங்கிக் கிடந்ததெல்லாம் திறந்த செம்பில். வேலுக்கு இருந்த தெய்வீகம் முழுவதும் பாத்திரத்தைப் பொறுத்து வந்து போனது.

இசக்கியின் முறை வந்தது. சீடர் வேலைக் கொடுத்தார். அவன் மடக்கினான். சித்தர் கை நீட்டினார். அதற்குள் பார்கவி எழுந்தாள்.

“சாமி, ஒரு சந்தேகம். சக்தி வேலுக்கா, செம்புக்கா?”

சித்தர் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். “வேலுக்குத்தான் மகளே. செம்பு வெறும் பாத்திரம்.”

“அப்ப வேற பாத்திரத்துல போட்டாலும் பேசுமா?”

“சாக்கடையில போட்டாலும் பேசும்!” என்று சித்தர் முழங்கினார். கூட்டம் அரோகரா போட்டது. கைதட்டலில் மயங்குகிறவர்களுக்கு இதுதான் சிக்கல். வாய் முந்திக்கொள்கிறது.

“சாக்கடை எதுக்கு சாமி? உங்களுக்குக் கொண்டுவந்த டீ இருக்கு” என்று பார்கவி பிளாஸ்க்கைத் திறந்து டம்ளரில் ஊற்றினாள். ஆவி பறந்தது. “அண்ணாச்சி, வேலை இதுல போடுங்க. கேள்வியை நான் கேக்கறேன். முருகா, இவர் பொய்ச்சாமியா?”

சித்தர் பாய்ந்து வந்தார். ஆனால் இசக்கி ஏற்கெனவே போட்டுவிட்டான். டம்ளருக்குள் மடங்கிக் கிடந்த வேல் ஒரு நொடி சும்மா இருந்தது. பிறகு விளிம்பில் இடித்துக்கொண்டு, நெட்டுக்குத்தாக எழுந்து நின்றது.

முன்வரிசையிலிருந்து ஓர் அம்மாள் கத்தினாள்: “வேல் உண்மையைச் சொல்லிட்டு! பொய்ச்சாமியைக் காட்டிக் கொடுத்துட்டு!”

சனங்கள் எழுந்து வேலை விழுந்து கும்பிட்டார்கள். ஜம்பு வாத்தியாருக்குக் கண்ணீர் பெருகியது. “என்ன நீதி! என்ன நீதி! இந்த வேலுக்கு ஒரு கோயிலே கட்டணும். குழுவை இன்னிக்கே கூட்டறேன்!”

சாமி போனாலும் குழு போகாது. பார்கவி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“இருங்கோப்பா. அண்ணாச்சி, மறுபடி மடக்குங்க. முருகா, இவர் யோக்கியரா?”

இசக்கி மடக்கி டீயில் போட்டான். வேல் அதே சுறுசுறுப்போடு எழுந்து நின்றது.

இப்போது யாரும் அரோகரா சொல்லவில்லை. ஒரே ஆள் பொய்ச்சாமியாகவும் யோக்கியராகவும் இருப்பது அரசியலில் நடக்கும். முருகன் வாக்கில் நடக்குமா?

அதற்கு மேல் பார்கவி எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இசக்கி தானாகவே வேலை மடக்கினான். “எம் பொண்டாட்டி விரலை எடுக்கலாமா?” என்று கேட்டு டீயில் போட்டான். நிமிர்ந்தது. மறுபடி மடக்கி, “எடுக்கக் கூடாதா?” என்றான். நிமிர்ந்தது. திறந்த செம்பில் போட்டான். அசையவில்லை. கடைசியாக அவன் பூச்செம்பின் பக்கம் திரும்பி, மல்லிகையை ஒதுக்கி உள்ளே விரலை விட்டான். சுரீரென்று கையை உதறினான்.

“ஏலே, வெந்நி! இது வெந்நி லே!”

பந்தல் முழுக்க ஒரு முறை அந்தச் சொல் சுற்றி வந்தது. வெந்நி. இத்தனை நாள் அவர்கள் கேட்ட வாக்குகளுக்கெல்லாம் மூலஸ்தானம் அதுதான்.

“இது நிக்கலும் டைட்டானியமும் கலந்த கம்பி” என்றாள் பார்கவி. “நேரா இருக்கும்போது நல்லாக் காய்ச்சி, அந்த உருவத்தைப் பழக்கிடுவாங்க. அப்புறம் நீங்க எப்படி மடக்கினாலும், சூடு பட்டா பழைய உருவத்துக்கே திரும்பிடும். உச்சி வெயில்ல கேக்காமலே நிமிர ஆரம்பிச்சிடும்னுதான் சாமி அதைத் தூங்க வச்சார். என் ஆராய்ச்சிச்சாலையில இதைத் தினம் மடக்கிட்டிருக்கேன். அடைச்சுப் போன ரத்தக்குழாய்க்குள்ள இந்தக் கம்பியில பண்ணின சின்ன வலையை விட்டா, உடம்புச் சூட்டுல விரிஞ்சு அடைப்பைத் திறக்கும். காலைக் காப்பாத்தறதுக்காக உலகம் முழுக்க மண்டையை உடைச்சிட்டிருக்காங்க. இங்க இதை வச்சு ஒரு காலை அழுக விட்டிருக்கார்.”

சித்தர் பூச்செம்பையும் பதிலையும் விட்டுவிட்டுப் பின்பக்கம் நழுவினார். ஆற்றங்கரைப் பாதையில் இளவட்டங்கள் மறித்துப் பிடித்தார்கள். போலீஸ் விசாரணையில் தவக்குகை கொஞ்சம் இடம் பெயர்ந்தது. பிச்சைக்கண்ணு என்ற இயற்பெயர் கொண்ட அவர் பம்பாயில் பொருட்காட்சிகளுக்குப் பந்தல் போடும் வேலை பார்த்தவர். வெளிநாட்டுக் கம்பெனிக் கடை ஒன்றில் பார்வையாளர்களுக்கு வேடிக்கை காட்டிய கம்பி, வானத்திலிருந்து விழாமல், அவர் சட்டைப் பைக்குள் விழுந்திருந்தது.

இசக்கி அதையெல்லாம் பார்க்க நிற்கவில்லை. செல்லக்கிளியைத் தூக்கி ஆட்டோவில் வைத்து நேரே பாளையங்கோட்டைக்குப் போய்விட்டான். பெருவிரலோடு போயிருக்க வேண்டிய விஷயம் பாதி பாதத்தைக் கேட்டது. இன்னும் தாமதித்திருந்தால் முழங்காலுக்குக் கீழே எதுவும் மிஞ்சியிருக்காது என்றார் டாக்டர்.

வார்டு வராந்தாவில் பார்கவியிடம் இசக்கி சொன்னான்: “அந்தச் சித்தன் மேல எனக்குக் கோவம் வரல தாயி. கத்தின்னதும் நாந்தான் பயந்தேன். வேண்டாம்னு யாராவது சொல்ல மாட்டாகளான்னு இருந்தேன். மோர் கொடுத்தவங்கிட்ட அதைத்தான் சொன்னேன். சித்தன் அதையே எனக்குத் திருப்பிச் சொன்னான். எம் பயத்துக்கு அவ பாதத்தைக் கொடுத்துட்டேன்.”

உள்ளேயிருந்து செல்லக்கிளி கூப்பிட்டாள். “அங்கன என்ன பேச்சு? கடையைத் தொறந்து யாரு மாவாட்டுவா?”

இசக்கி சட்டென்று எழுந்து போனான். அன்று முதல் மாவு அவன் பொறுப்பு.

ஜம்பு வாத்தியார் சில நாள் வெளியே தலை காட்டவில்லை. மகள் மெட்ராஸுக்குக் கிளம்பும்போது, “அந்தக் கம்பி சூட்டுல ஏன் அப்படித் திரும்பறது? உள்ளே என்ன நடக்கறது?” என்று கேட்டார். ஏன் என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்தது பார்கவிக்கே அதிசயமாக இருந்தது. ரயில் நேரம் போனாலும் பரவாயில்லை என்று திரும்ப உட்கார்ந்து, அணுக்கள் வரிசை மாறுவதைப் படம் போட்டுக் காட்டினாள்.

ஊர்? ஊருக்கு என்ன. மில் களம் காலியாகிப் புல் முளைத்தது. மழைக்காலம் வருவதற்குள், ஆழ்வார்குறிச்சிப் பக்கம் ஒருவர் எலுமிச்சம்பழத்தை உருளவிட்டே நோய் தீர்க்கிறார் என்று செய்தி வந்தது. பழம் மேட்டைப் பார்த்து உருள்கிறதாம். பஸ்ஸில் நிற்க இடமில்லை. போகிறவர்கள் போய் வரட்டும். வழியில் ஒன்றே ஒன்றை யோசித்தால் போதும். ஒவ்வொருவர் கழுத்துக்கு மேலேயும் மூளை என்று ஒரு சன்னிதி இருக்கிறது. வரிசை கிடையாது, சிபாரிசு வேண்டாம், உச்சி வெயிலிலும் நடை சாத்துவதில்லை. அங்கேதான் ஈ காக்காய் எட்டிப் பார்ப்பதில்லை.