மேற்கே திரும்பிய நாற்காலிகள்

மெடிட்டரேனியன் என்ற சொல் சேஷகிரியின் வாயிலிருந்து வெளியே வந்துவிட்டது. இனி அதை உள்ளே தள்ள வழியில்லை. அந்தப் பக்கம், மகளுக்குப் பார்த்திருக்கும் பிள்ளையின் அப்பா சாய்கிருஷ்ணன் போனை வைத்துவிட்டார்.

"யாரைக் கேட்டுண்டு சொன்னேள்?" என்றாள் மனைவி அபிராமசுந்தரி.

யாரையும் கேட்கவில்லை. திருத்தணி பஜாரில் அசோக்குமாரின் எஸ்.டி.டி. பூத்தில், போனுக்கு நேர் எதிரே, துபாயிலிருந்து அவன் மச்சான் அனுப்பிய ஓட்டல் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. "ஞாயித்துக்கிழமை மெட்ராஸ்ல எங்கேயாவது சாப்பிட்டுண்டே பேசி முடிச்சுடலாம். உங்களுக்கு எந்த மாதிரி சாப்பாடு பழக்கம்?" என்று சாய்கிருஷ்ணன் கேட்டபோது சேஷகிரியின் கண் அந்தக் காலண்டரில் இருந்தது. வாய் அதில் அச்சடித்திருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டது.

"எங்காத்துல எல்லாமே பழக்கம்தான். மெடிட்டரேனியன்கூட."

அந்தப் பக்கம் போனைக் கையால் பொத்திக்கொண்டு யாரிடமோ ஏதோ கேட்கும் சத்தம். பிறகு, "பேஷா! எங்களுக்கும் அதான் பிடிக்கும்" என்று பதில் வந்தது.

தெரியாது என்று சொல்ல சேஷகிரிக்குத் தெரியாது. இதுவரைக்கும் யாரும் அவருக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவும் இல்லை.

ஆனால் இந்த முறை விளையாட்டுக் காரியம் இல்லை. மகள் பார்கவிக்கும் பிள்ளை ஷ்யாமுக்கும் ஜாதகம் பொருந்தி, ஒருவரை ஒருவர் பிடித்தும் போயிருந்தது. "இவர் இல்லேன்னா இன்னொரு ஜாதகத்தைக் கையால தொடாதேங்கோ" என்று பார்கவி சொல்லிவிட்டாள். தரகர் பாலசுப்பிரமணியன் மட்டும் ஒரு முள்ளைப் போட்டுவிட்டுப் போயிருந்தார். "அவா லிப்ட் வெச்ச பிளாட்ல இருக்கறவா. மலைக்கோயில் மடப்பள்ளிக் குடும்பம் ஒத்துவருமான்னு யோசிக்கறா."

அசோக்குமார் மச்சானிடம் விசாரித்து வந்தான்.

"ஏன் சாமி இப்படிப் போய் மாட்டிகினீங்க? கொண்டக்கடலைய அரைச்சு எள்ளு ஊத்தறானுங்களாம். கத்திரிக்காயச் சுட்டு மசிக்கிறானுங்களாம். ரொட்டியப் பிச்சுத் தொட்டுகினு துன்றதாம். அவ்ளோதான்."

"இவ்வளவுதானா?" சேஷகிரிக்கு மூச்சு வந்தது. "ஒண்ணு சுண்டல், ஒண்ணு துவையல். முப்பது வருஷமா மடப்பள்ளியில நான் பார்க்காத கொண்டக்கடலையா?"

"சாமி, அங்க போயி சுண்டல்னு மட்டும் சொல்லிடாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை மின்சார ரயிலைப் பிடித்து மூவரும் நுங்கம்பாக்கம் ஓட்டலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். 'சுத்த சைவம்' என்ற பலகையைப் பார்த்த பிறகுதான் அபிராமசுந்தரி படியேறினாள். உள்ளே, பகல் பன்னிரண்டு மணிக்கே சாயங்காலம் மாதிரி வெளிச்சம். பிள்ளை வீட்டார் மூவரும் வாசலிலேயே காத்திருந்தார்கள்.

பரிமாறுகிற துளசிங்கம் சாய்கிருஷ்ணனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தான். "வாங்க சார். அதே டேபிள்தானே?"

சாய்கிருஷ்ணன் பலமாக இருமினார்.

"பார்த்தியா? வாடிக்கைக்காரா" என்று சேஷகிரி மனைவியின் காதில் சொன்னார்.

உட்கார்ந்ததும் பிள்ளை வீட்டார், பள்ளிக்கூட டிரில் மாதிரி, ஒரே சமயத்தில் தட்டுக்குப் பக்கத்தில் மடித்து வைத்திருந்த துணியை உதறி மடியில் விரித்தார்கள். ஷ்யாமின் அம்மா உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே முள்கரண்டியை இடது பக்கம் நகர்த்தி வைத்தாள்.

சாய்கிருஷ்ணன் சாப்பாட்டு அட்டையை நீட்டினார். "நீங்களே சொல்லுங்கோ."

"சேச்சே, நீங்கதான் சொல்லணும்."

"ஐயோ, நீங்க பழக்கப்பட்டவா. உங்க முன்னாடி நாங்களா?"

அட்டை நாலு தடவை மேஜையைக் கடந்தது. ஐந்தாவது தடவை சேஷகிரி அதைத் திறந்தார். விரலை மேலிருந்து கீழே இழுத்தார். "இந்தப் பக்கம் முழுக்க" என்றார்.

கிண்ணங்கள் வந்தன. வந்துகொண்டே இருந்தன.

மடப்பள்ளியில் ஒரு முறை உண்டு. சுவாமி பார்ப்பதற்கு முன்னால் நைவேத்தியத்தின் மேல் மனிதர் கண் படக்கூடாது. துணி போட்டு மூடித்தான் சன்னிதிக்குப் போகும். அந்தப் பழக்கத்தில் சேஷகிரி வீட்டிலும் தன் தட்டை மூடி, மலையைப் பார்த்துத் திரும்பி, கண்ணை மூடித் திறந்த பிறகுதான் கை வைப்பார். இங்கேயும் கை யாரையும் கேட்கவில்லை. துணியை எடுத்தது. கடலைக் கிண்ணத்தை மூடியது.

துளசிங்கம் பதறினான். "சார், எதுனா வுழுந்துருக்கா?" கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஓடி வேறு கொண்டுவந்தான். அதையும் கை மூடியது. மூன்றாவது கிண்ணத்தோடு மேனேஜரும் வந்தார்.

"துணியை எடுங்கோன்னா, மானம் போறது" என்று அபிராமசுந்தரி மேஜைக்கு அடியில் கிள்ளினாள்.

சேஷகிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒண்ணுமில்லை. இதை இப்படித்தான் சாப்பிடணும். அந்த ஊர்ல ஒரு நிமிஷம் மூடி வெச்சுட்டுத்தான் தொடுவா. எள்ளு ஊறணுமோல்லியோ?"

சொல்லி முடிப்பதற்குள் எதிர்ப்பக்கத்து மூன்று மடிகளிலிருந்தும் துணிகள் எழும்பி மூன்று கிண்ணங்களின் மேல் போய் விழுந்தன.

"பார்த்தியா? விஷயம் தெரிஞ்சவா" என்றார் மனைவியிடம். பிறகு மேனேஜரைப் பார்த்து, "மேற்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டார். திருத்தணி அந்தத் திசையில்தான் இருந்தது.

மேனேஜர் கை கழுவும் இடத்தைக் காட்டினார். "எதுக்கு சார் மேற்கு?"

"மெடிட்டரேனியன் கடல் அந்தப் பக்கம்தானே இருக்கு?"

மேனேஜர் யோசித்தார். மறுக்க முடியவில்லை. "ஆமா சார்."

சேஷகிரி நாற்காலியைத் திருப்பினார். அடுத்த நொடி தரையில் நாற்காலிகள் கரகரவென்று இழுபட்டன. ஆறு பேரும் வாஷ்பேசினைப் பார்த்துக் கண்ணை மூடி உட்கார்ந்தார்கள். கை கழுவிவிட்டுத் திரும்பிய முதியவர் ஒருவர் அவர்களைப் பார்த்துத் திகைத்து, எதற்கும் இருக்கட்டும் என்று பதிலுக்குக் கும்பிட்டுவிட்டுப் போனார். பார்கவியின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. ஷ்யாம் ஒற்றைக் கண்ணைத் திறந்து அதைப் பார்த்தான். அவன் தோளும் குலுங்க ஆரம்பித்தது.

துணியை எடுத்தார்கள். ரொட்டியைப் பிய்த்தார்கள். பூண்டு இருப்பதை சேஷகிரியின் நாக்கு சொன்னது, முகம் சொல்லவில்லை.

"எள்ளை ஒரு சுத்து அதிகமா வறுத்துட்டான்" என்று மட்டும் சொன்னார். ஓடிப்போய் விசாரித்துவிட்டு வந்த மேனேஜர், "ஆமாங்க சார், இன்னிக்குக் கொஞ்சம் கருகிடுச்சாம்" என்று கையைப் பிசைந்தார். எதிர்ப்பக்கம் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சாய்கிருஷ்ணன் ரொட்டியைக் கீழே வைத்தார். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

பார்கவியின் சிரிப்பு அப்படியே நின்றது. சேஷகிரியின் கையிலிருந்த ரொட்டி வாய்க்குப் பாதி வழியில் நின்றது. லிப்ட், பிளாட், தரகர் போட்ட முள் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன.

"எங்களுக்கு ஒரு தயக்கம் இருந்தது. மறைக்கலை. இன்னிக்கு அது போயிடுத்து. தை பொறந்ததும் முகூர்த்தம் வெச்சுக்கலாமா?"

ரொட்டி வாய்க்குப் போய்ச் சேர்ந்தது. "பேஷா வெச்சுக்கலாம்!" என்றார் சேஷகிரி. பார்கவி தலையைக் குனிந்துகொண்டாள். அபிராமசுந்தரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சேஷகிரி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தார். எப்படிப்பட்ட நாகரிகக் குடும்பத்தை ஒரே சாப்பாட்டில் மடக்கிவிட்டோம் என்ற நினைப்பில் மீசையில்லாத உதட்டைத் தடவிக்கொண்டார்.

கை கழுவ வெந்நீர்க் கிண்ணங்களோடு துளசிங்கம் வந்தான். சாய்கிருஷ்ணன் பக்கமாகக் குனிந்து, மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, மேஜை முழுக்கக் கேட்கும்படி சொன்னான்:

"மன்னிச்சுக்கோங்க சார். நேத்து மூணு பேரும் கத்துக்க வந்தப்ப, துணிய மடியில போடணும்னு தப்பா சொல்லிக் குடுத்துட்டேன்."