ஒரு கிலோவுக்குள் அடங்கிய புத்தகம்

புத்தகம் விற்கிறவன் புத்தகம் வாசித்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கருவாடு விற்கிற எல்லாரும் கடலுக்கா போகிறார்கள்? இந்தத் துணிச்சலில்தான் நான் பழைய புத்தக வியாபாரத்தில் இறங்கினேன். சாதாரண தரப் பரீட்சையை இரண்டு தரம் எழுதினேன். இரண்டு தரமும் கணக்குப் பாடம் என்னைக் கைவிட்டது. (நானும் அதைக் கைவிட்டேன், சரிக்குச் சரி.) அதற்குப் பிறகு புத்தகம் எனக்குத் தலைக்கு வைத்துப் படுக்கத்தான் உதவியது.

வியாபாரத்துக்குக் காரணம் மச்சான். எங்கள் கல்முனைப் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். என் மூத்த சகோதரியை, அதாவது ராத்தாவைக் கட்டிய மச்சானும் அப்படித்தான் வந்தார். ஆள் ஒல்லி. ஆனால் பின்னால் ஒரு சின்ன லொறி நிறையப் புத்தகப் பெட்டி வந்தது. பெட்டிகள் என் அறையில் இறங்கின. நான் ஹோலில் இறங்கினேன்.

ஒரு மாதம் ஹோலில் கிடந்து நுளம்புக்கடி வாங்கிய பிறகு கேட்டேன்.

"மச்சான், இதெல்லாம் வாசிச்சு முடிஞ்ச சாமான்தானே?"

"ஓம்."

"அப்ப என்னட்டத் தாங்களன். ஒன்லைன்ல வித்துத் தாறன்."

"புத்தகத்தப் பத்தி உனக்கு என்னடா தெரியும்?"

"விலை பின் அட்டையில இரிக்கும்."

மச்சான் சிரித்துவிட்டுச் சம்மதித்தார். மனிதர் சிரித்துக்கொண்டு செய்த ஒரே பிழை அதுதான்.

போனில் படம் பிடித்தேன், பேஜ் ஒன்று திறந்தேன். ஆட்கள் வரவேண்டும் என்பதற்காக மேலே கொட்டை எழுத்தில் 'இலங்கை முழுக்க டிலிவரி இலவசம்' என்று போட்டேன். வந்தார்கள். இலவசம் என்றால் அந்தக் காசை யாரோ ஒருவன் கட்டவேண்டும், அந்த ஒருவன் நான்தான் என்பது முதல் பார்சலோடு கூரியர் கடையில் நின்றபோதுதான் விளங்கியது.

அன்றிலிருந்து கணக்குக்கு ஓடாத மூளை நிறுவைக்கு ஓடத் தொடங்கியது. கூரியரில் ஒரு கிலோ வரை ஒரு கட்டணம். அதை ஒரு சொட்டுத் தாண்டினாலும் இரண்டாவது கிலோவுக்கு முழுக்காசு. ஆகவே பெட்டியை நிறுத்தி அரிசி உறைக்கு மாறினேன். டேப்பை நிறுத்தி நூலுக்கு மாறினேன். புத்தகத்தைக் கையில் ஏந்தி, கண்ணை மூடிப் பாரம் பார்ப்பேன். ராத்தா வாசலில் நின்று, "நகைக் கடைக்காரன் கூட இப்பிடிப் பாக்கமாட்டான்" என்பாள்.

அப்போதுதான் மூதூரிலிருந்து பஸ்லியா என்ற பிள்ளை மெசேஜ் போட்டாள். மச்சான் உயர்தரம் படித்த காலத்து இரசாயனவியல் பல்தேர்வு வினாப் புத்தகம் அவளுக்கு வேண்டும். யாரோ ஒரு டியூஷன் ஆசிரியர் தொகுத்தது. பிறகு அச்சில் வரவே இல்லையாம்.

"நானா, இது வேற எங்கயும் இல்ல. ஆருக்கும் குடுத்திராதீங்க. நான் மூணாந்தரம் எடுக்கிறன். இதுதான் கடைசி."

உயர்தரத்தை மூன்று தரத்துக்கு மேல் எழுதினாலும் கெம்பஸில், அதாவது பல்கலைக்கழகத்தில், இடம் இல்லை என்பது எனக்கே தெரியும். நானா என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டுவிட்டாளே, "உங்களுக்குத்தான் தங்கச்சி" என்று பெரிய மனிதன் மாதிரிப் பதில் போட்டேன்.

கூரியர் கடையில் தராசு ஒரு கிலோவைத் தாண்டி நின்றது. கொஞ்சம்தான்.

"ரெண்டு கிலோ காசு தம்பி" என்றார் கவுண்டரில் இருந்தவர்.

"கத்தரிக்கோல் இரிக்கா?"

தந்தார். முதலில் தடித்த அட்டையைக் கழற்றினேன். (அட்டையையா படிக்கப் போகிறாள்?) பிறகு முன்னுரை. அதில் அந்த ஆசிரியர் தன் மனைவி, மாமனார், அச்சக முதலாளி எல்லாருக்கும் நன்றி சொல்லியிருந்தார். அவர்கள் யாரும் மூதூர்ப் பிள்ளைக்குத் தேவையில்லை. வெற்றுத்தாள் இரண்டு. தராசு இன்னும் ஒரு நூலளவு கூடக் காட்டியது.

"என்ன தம்பி, ஹஜ்ஜுப் பெருநாளைக்கு மாட்ட உரிக்கிற மாதிரி உரிக்காய்?"

"ஒரு நிமிசம் காக்கா" என்றேன். (வயதில் மூத்த ஆண்கள் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் காக்காதான்.)

கடைசியில் ஏழெட்டுத் தாள் கிடந்தது. எழுத்தே இல்லை. ஒன்றுக்கு மூன்று, இரண்டுக்கு ஐந்து, மூன்றுக்கு ஒன்று என்று வரிசை வரிசையாக இலக்கம். அச்சகத்துக் கணக்காக்கும் என்று நினைத்தேன். இலக்கத்தைக் கண்டால் வெட்டவேண்டும் என்பது எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே இருந்த ஆசை. வெட்டினேன். தராசு ஒரு கிலோவில் வந்து நின்றது. கவுண்டர்காரரைப் பார்த்து ஒரு புன்னகை வேறு.

வெட்டிய தாள்களையும் வீணாக்கவில்லை. கடற்கரையில் கடலை விற்கும் அலியார் காக்காவிடம் சுருள் சுற்றக் கொடுத்தேன். பதிலுக்குச் செத்தல் மிளகாயும் தேங்காய்ச் சொட்டும் போட்டுத் தாளித்த அவித்த கடலை ஒரு சுருள் கிடைத்தது. கழிவிலும் இலாபம் பார்த்த வியாபாரி இந்தக் கிழக்குக் கரையில் நான் ஒருவன்தான் என்ற நினைப்போடு வீட்டுக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு பஸ்லியாவின் குரல் மெசேஜ் வந்தது. கோபமே இல்லாத குரல். அதுதான் பயமாக இருந்தது.

"நானா, புத்தகம் வந்த. அட்டை இல்ல, பரவாயில்ல. கேள்வியெல்லாம் இரிக்கி. விடை எங்க? விடை இல்லாட்டி நான் செஞ்சது சரியா பிழையா எண்டு எப்பிடிப் பாக்கிற? அடுத்த கிழம சோதின."

ஏழெட்டுத் தாளும் கண்முன் வந்து நின்றன. செருப்பைக்கூடப் போடாமல் கடற்கரைக்கு ஓடினேன்.

"காக்கா, நான் தந்த கடதாசி எங்க?"

"எந்தக் கடதாசி? ஊரே எனக்குக் கடதாசி தருது."

"இலக்கமா இருந்த, வெள்ளக் கடதாசி."

"ஓ, அதா! நல்ல கடதாசிடா மகன், தண்ணி ஊறல்ல. இண்டைக்குத்தான் எடுத்த" என்று சொல்லி, கரண்டியால் கடற்கரையைக் காட்டினார். "இந்தா இவங்கட கையில ஒண்டு. அந்தா தோணிக்குக் கிட்ட ஒண்டு."

வெள்ளிக்கிழமைக் கடற்கரை. கல்முனை முழுதும் குடும்பத்தோடு மணலில் இருந்து விடை கொறித்துக்கொண்டிருந்தது.

முதலில் பாய் விரித்து இருந்த குடும்பம் ஒன்றிடம் போனேன்.

"மாமா, கடலையத் தின்னுங்க. கடதாசிய மட்டும் தாங்க."

"ஆருடா நீ, குப்ப வண்டியா?"

பக்கத்தில் இருந்த அவருடைய மனைவி என் வெறுங்காலைப் பார்த்தார். "பாவம், பசியில வெக்கப்பட்டுக் கேக்கான். கடலையோட குடுங்க."

கடலையோடு தந்தார்கள். (தின்றேன். தந்ததை மறுக்கக் கூடாது.)

தோணிக்குப் பக்கத்தில் இருந்த சின்னப்பிள்ளை சுருளைத் தர மறுத்து வீரிட்டது. அதற்குப் பதில் புதுச் சுருள் வாங்கப் போனால், அலியார் காக்கா அதையும் விடைத்தாளிலேயே சுற்றப் பார்க்கிறார்.

"காக்கா! வேற கடதாசி!"

"கடல ஒண்டுதானேடா?"

மஃரிப் தொழுகைக்குள் ஒன்றைத் தவிர எல்லாம் கைக்கு வந்தன. அந்த ஒரு சுருள் பாலமுனைக்குப் போய்விட்டது. கொண்டுபோனவர் அங்கே ட்ரக்டர் வைத்திருக்கும் றிஸ்வான் என்று அலியார் காக்காதான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து மச்சானிடம் மோட்டார்சைக்கிளைக் கேட்டேன். விஷயம் முழுவதையும் கேட்டபிறகு அவர் சாவியைத் தரவில்லை. தானே ஏறி உட்கார்ந்து, "ஏறு" என்றார். நிந்தவூரைத் தாண்டினோம். ஒலுவில் வந்ததும் கேட்டார்.

"விடை புத்தகத்துக்குப் பின்னால இரிக்கும் எண்டு உனக்குத் தெரியாதா?"

"நான் படிக்கக்குள்ள விடை பக்கத்து மேசையிலதான் இருந்த மச்சான்."

மோட்டார்சைக்கிள் ஒரு ஆட்டம் ஆடியது. சிரித்தாரா, அறைய நினைத்தாரா என்று பின்னால் இருந்து தெரியவில்லை.

றிஸ்வான் நல்ல மனிதர். ட்ரக்டர் சீட்டுக்குக் கீழே கையை விட்டு உடனே எடுத்துத் தந்தார். "எஞ்சின் ஒயில் பாத்துப்போட்டு இதாலதான் தொடச்ச" என்றார். தாளில் பாதிக்கு மேல் கறுப்பு.

திரும்பும் வழியில் பெற்றோல் அடித்தோம். மச்சான் காசை எடுத்துக்கொண்டே, "ரெண்டாவது கிலோவுக்குக் கட்டியிருந்தா இந்நேரம் வீட்ட சோறு தின்னிருப்பம்" என்றார். பெற்றோல் அடித்த பொடியன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

வீட்டில் ராத்தா தாள்களைத் துணிக்குக் கீழே வைத்து அயன் பண்ணினாள். அறை முழுக்கச் செத்தல் மிளகாய் மணம். ஒரு தாளில் ஒட்டியிருந்த தேங்காய்ச் சொட்டைச் சுரண்டி எடுத்து, இலக்கத்தோடு இலக்கம் பொருத்தி, ஒவ்வொன்றாய்ப் படம் பிடித்து மூதூருக்கு அனுப்பினேன். ஒயில் பட்ட இடத்துக்கு மன்னிப்பும் கேட்டேன்.

பதில் உடனே வந்தது.

"கறுப்பா இரிக்கிறத நானே செஞ்சு பாக்கிறன். நானா, அல்லாஹ்வுக்காக, நீங்க ஒண்டையும் நிரப்பிராதீங்க."

சோதனை முடிந்து பெறுபேறு வரும்வரை நான் அந்தப் பெயரைப் போனில் கண்டாலே தண்ணீர் குடிப்பேன். அவள் தவறியிருந்தால் அதற்குக் காரணம் இரசாயனவியலா, என் கத்தரிக்கோலா என்று யார் பிரித்துச் சொல்வது? பெறுபேறு வந்த அன்று என் பேஜில் எல்லாரும் பார்க்கும்படி எழுதியிருந்தாள்: "அல்ஹம்துலில்லாஹ், கெம்பஸ் கிடைக்கும். புத்தகம் மிக நல்லம். விற்பவருக்கு யாராவது வாசிக்கப் பழக்கவும்."

அதை அழிக்க மனம் வரவில்லை. வாழ்த்து பாதி, ஏச்சு பாதி. பாதியை மட்டும் வெட்டி எடுக்க முடியாது. இப்போதும் புதிதாக வருகிற ஆட்கள் விலை கேட்பதற்கு முன், "எல்லாப் பக்கமும் இரிக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். டிலிவரிக் காசையும் அவர்களே கட்டுகிறார்கள்.

வீட்டில்தான் விடுதலை இல்லை. ராத்தாவுக்குப் பிள்ளை பிறந்து ஆசுபத்திரியிலிருந்து வந்த அன்று, நான் ஆசையோடு கையை நீட்டினேன். அவள் பிள்ளையைத் தருவதற்கு முன் துணியை விலக்கி, கை, கால், காது, விரல் எல்லாவற்றையும் ஒருதரம் எனக்குக் காட்டினாள்.

"நல்லாப் பாத்துக்க. முழுசாத் தாறன், முழுசாத் திருப்பித் தரணும். பாரம் கூட எண்டு ஒண்டையும் கழட்டிப் போடாத."