கம்பளிக்குப் பெண் பார்த்த கதை

பெங்களூரில் குளிரைக் கண்டு பயந்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். குளிரே கண்டு பயந்து ஒதுங்கிப்போன ஆள் எனக்குத் தெரிந்து ஒருவன்தான். அவன் உடம்புக்குள் நுழைய வேண்டுமென்றால் குளிர் முதலில் ஒரு மஃப்ளரைத் தாண்ட வேண்டும். பிறகு இரண்டு ஸ்வெட்டர், ஒரு தெர்மல், அதற்கும் உள்ளே ஒரு பனியன். பாதி வழியிலேயே அதற்கு வேர்த்துக் கொட்டித் திரும்பிப் போய்விடும்.

பெற்றவர்கள் ஆசையாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அது சம்பளம் போடுகிறவர்களுக்கு மட்டும்தான் தெரியும். எங்களுக்கு அவன் கம்பளி. தெருமுனை பேக்கரிக்காரர் கன்னடக்காரர், அவருக்கும் கம்பளிதான். கன்னடத்திலும் கம்பளி என்றால் கம்பளிதான் என்பதால் மொழிபெயர்க்கிற வேலையும் இல்லாமல் போயிற்று.

ரிச்சர்ட்ஸ் டவுனில் ஸ்டெல்லா ஆன்ட்டி வீட்டு மாடியில் நாங்கள் மூன்று பேர் வாடகைக்கு இருந்தோம். நான் சேலம், செல்வம் தூத்துக்குடி, கம்பளி வேலூர். மூவருக்கும் கம்ப்யூட்டர் வேலை. வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. பழங்கால வீடு, உயரமான கூரை, சிவப்பு சிமெண்ட் தரை. டிசம்பரில் அந்தத் தரையில் வெறுங்காலை வைத்தால் செல்வமே "யம்மா!" என்று கத்துவான். வெயிலுக்குப் பேர்போன வேலூரில் பிறந்து வளர்ந்தவன் என்ன பாடு படுவான் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆயுத பூஜைப் பொரி தீர்வதற்குள் அவனுடைய குளிர்காலம் தொடங்கிவிடும். சிவராத்திரி வந்தால் குளிர் 'சிவசிவா' என்று ஓடிவிடும் என்பார்கள் இந்த ஊரில். கம்பளி அதையெல்லாம் நம்ப மாட்டான். "எதுக்கும் பங்குனி உத்திரம் வரைக்கும் பாத்துடலாம்" என்பான்.

அவனிடம் ஒரு சித்தாந்தம் இருந்தது. "குளிரு காது வழியா உள்ள வருதுடா. பாதம் வழியா வெளிய போவுது. நடுவுல நெஞ்சுல குந்திக்கினா ஆள் காலி."

செல்வம் விடுவானா? "ஏல, அப்ப நீ சாக்ஸப் போட்டு பாதத்த மூடுனா குளிரு எப்டில வெளிய போவும்?"

கம்பளி குனிந்து தன் சாக்ஸையே பார்த்தான். சாப்பிடும்போதுகூட அதையே யோசித்துக்கொண்டிருந்தான். மறுநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்த செல்வத்தை வழிமறித்துப் பதில் சொன்னான். "அதுக்குத்தான்டா காதை மூடுறது. உள்ள வந்தாத்தானே வெளிய போறதப் பத்திக் கவலை!"

காதை மூடுவதில்தான் அவன் புரட்சி செய்தான். குரங்குக் குல்லாயில் சந்து வழியாகக் காற்று புகுகிறதாம். எனவே வீட்டுக்குள் ஹெல்மெட் போட்டுக்கொள்ள ஆரம்பித்தான். உள்ளே மெத்து மெத்தென்று பஞ்சு, முன்னால் கண்ணாடி, காதுக்கு முழுப் பாதுகாப்பு. டீ குடிக்க மட்டும் கண்ணாடியைத் தூக்குவான். ஒரு மடக்கு குடித்துவிட்டு இறக்கிவிடுவான். நாம் பேசுவது ஒன்றும் கேட்காது. எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டுவான்.

ஒரு நாள் ஸ்டெல்லா ஆன்ட்டி கேக் கொடுக்க மேலே வந்தார். நான்கு தலைமுறையாக அந்த ஊரிலேயே இருக்கிற குடும்பம். பெங்களூர்க் குளிர் அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரி மாதிரி. சோபாவில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்தவனைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"ஏன் மேன், சோபா ஓட்றதுக்குக் கூடவா இப்ப ஹெல்மெட் கேக்கறாங்க?"

அவன் பணிவாகத் தலையை ஆட்டினான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவன் கம்பளிக்குள் தான் மட்டும் சுகமாக இருந்துவிடுகிற ஆள் இல்லை. எனக்கு ஒருமுறை ஜலதோஷம் பிடித்து மூக்கு அடைத்துக்கொண்டது. ரைஸ் குக்கரில் தண்ணீர் கொதிக்கவைத்து, துளசியும் ஓமமும் போட்டு, என் தலைமேல் போர்வையைப் போர்த்தி உட்காரவைத்துவிட்டான். முந்தின நாள் அந்தக் குக்கரில் ரசம் வைத்திருந்தோம். ஆவி பிடித்து எழுந்ததிலிருந்து என் முகம் முழுக்க ரச வாசனை. பிறகு சுக்குக் கஷாயம். பிறகு நெற்றியில் பற்று. பிறகு உள்ளங்காலில் தைலம் தேய்த்துச் சாக்ஸ். இவ்வளவையும் அவனே செய்தான், முகம் சுளிக்காமல். வீட்டை விட்டு வந்த பிறகு என் காலைப் பிடித்துத் தைலம் தேய்த்தவன் அவன் ஒருவன்தான்.

தோசை மாவு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பெங்களூர்க் குளிரில் மாவு லேசில் பொங்காது. அரைத்து வைத்தால் மறுநாளும் வைத்தது வைத்தபடி கிடக்கும். கம்பளி ஒரு வழி கண்டுபிடித்தான். மாவுப் பாத்திரத்துக்குத் தன் ஸ்வெட்டரைப் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு, மேலே கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்துவிட்டான். அவனுக்கும் கதகதப்பு, மாவுக்கும் கதகதப்பு. மீட்டிங் நீண்டுகொண்டே போயிற்று. திடீரென்று இவன் நெளிய ஆரம்பித்தான்.

"என்னாச்சு, எனி பிராப்ளம்?" என்றார் திரையில் மேனேஜர்.

"மாவு பொங்கிருச்சு சார்."

மேனேஜர் கோபித்துக்கொள்வார் என்று நான் பக்கத்து அறையில் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அவர் பதறிவிட்டார். "அய்யய்யோ, மொதல்ல அதைப் போய்ப் பாரு, மீட்டிங் கெடக்கட்டும்" என்றார். இந்த ஊரில் குளிர்காலத்தில் பொங்கிய மாவின் அருமை தெரியாத மேனேஜர் கிடையாது.

இப்படிப்பட்டவனுக்குக் கல்யாணம் ஆக வேண்டுமே! முப்பத்து நான்கு வயது முடிந்துவிட்டது. ஆம்பூரில் ஓர் இடம் கிட்டத்தட்ட முடிந்த மாதிரிதான் இருந்தது. பெண்ணின் மாமா ஏதோ வேலையாகச் சிவாஜிநகர் வந்தவர், மாப்பிள்ளையை ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று சொல்லாமல் கொள்ளாமல் வந்து மணி அடித்தார். கதவைத் திறந்தது ஹெல்மெட். அவர் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். 'பையனுக்குத் தலையில ஏதோ ஆபரேஷன் ஆயிருக்கு, மறைக்கிறாங்க' என்று ஆம்பூர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. இடம் கைநழுவியது.

கம்பளியின் அம்மா போனில் அழுத அழுகை எங்களுக்கே கேட்டது. தை பிறந்ததும் ஆரணிப் பக்கம் இன்னொரு இடம் வந்தது. பெண்ணுக்கு ஊட்டியில் வங்கி வேலை. போட்டோ வந்த அன்று கம்பளி ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தான். பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான். டீ ஆறி ஏடு கட்டிவிட்டது. "நல்லா இருக்காங்க இல்ல?" என்று எங்கள் இருவரையும் தனித்தனியாகக் கேட்டான். அவன் அப்படி எதையும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

பெண் ஊட்டியில், பெண் வீட்டார் ஆரணியில், அம்மா வேலூரில், மாப்பிள்ளை பெங்களூரில். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை வீடியோவில் பெண் பார்ப்பது என்று முடிவாயிற்று. அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "வெள்ளச் சட்டை போடு. குல்லா, துண்டு, சொட்டர் ஒண்ணு கண்ணுல பட்டாலும் நான் தலைமுழுகிடுவேன். மத்ததப் பத்தியும் வாயத் தொறக்காத."

மத்தது என்னவென்று நாங்கள் கேட்கவில்லை.

அந்த ஞாயிறு பார்த்து வானம் மூடிக்கொண்டு சிலுசிலுவென்று காற்று. வெள்ளைச் சட்டையில் கம்பளியை அன்றுதான் முதல்முதலாக முழுதாகப் பார்த்தேன். பாவம், ஒல்லிப் பிச்சானாக இருந்தான். பல் தந்தியடித்தது. இப்படியே விட்டால் பையனுக்கு வலிப்பு என்று ஆரணி முழுக்கப் பேச்சாகிவிடும்.

"கேமரா நெஞ்சு வரைக்குந்தானல காட்டும்?" என்றான் செல்வம். "அதுக்குக் கீழ நம்ம ராஜ்ஜியம்."

மளமளவென்று வேலை நடந்தது. சட்டைக்குக் கீழே தெர்மல் பேண்ட். இடுப்பைச் சுற்றிக் கம்பளி. வயிற்றில் துண்டு போட்டுக் கட்டிய வெந்நீர்ப் பை. இரண்டு காலும் வெந்நீர் வாளிக்குள். செல்வம் வாளிக்குக் காவல், நான் லேப்டாப்புக்குப் பின்னால் கெட்டிலோடு. கம்பளியின் முகத்தில் ரத்தம் ஏறி, பார்க்க லட்சணமாகவே இருந்தான்.

திரையில் ஊருக்கு ஒரு கட்டம். ஆரணிக் கட்டத்தில் நடுநாயகமாகப் பெண்ணின் பெரியப்பா. சம்பளம், சொந்த ஊர், குலதெய்வம் எல்லாம் கேட்டார். கம்பளி தெளிவாகப் பதில் சொன்னான். வேலூர்க் கட்டத்தில் அம்மாவின் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. ஊட்டிக் கட்டத்தில் பெண் பட்டுப்புடவையில் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். முடிந்துவிட்டது, கரையேறிவிட்டோம் என்று நான் கெட்டிலைக் கீழே வைத்தேன்.

அப்போதுதான் பெரியப்பா கனைத்துக்கொண்டார். "தப்பா நெனச்சிக்காதீங்க தம்பி. நேர்ல பாக்கறதில்ல பாருங்க. கொஞ்சம் எழுந்து நாலடி நடந்து காட்டுங்களேன்."

செல்வம் என்னைப் பார்த்தான். நான் செல்வத்தைப் பார்த்தேன். கம்பளி ஒருவரையும் பார்க்கவில்லை. பெரியவர் சொன்னால் தட்டி வழக்கமில்லாத பிள்ளை, எழுந்தே விட்டான். ஒரு கால் வாளிக்கு வெளியே வந்தது, இன்னொன்று வாளியோடு வந்தது. இடுப்பிலிருந்து கம்பளி சரிந்தது. சட்டைக்குள்ளிருந்து வெந்நீர்ப் பை பொத்தென்று விழுந்தது. வாளி உருண்டு, செல்வம் தலையிலிருந்து கால் வரை நனைந்தான். தெர்மல் பேண்டில் சொட்டச் சொட்ட நின்ற மாப்பிள்ளையை நான்கு ஊர் ஜனமும் பார்த்தது.

வேலூரில் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். ஆரணியில் யாரோ ஒரு பையன் சிரித்து அடி வாங்கினான்.

"இன்னாங்க தம்பி இது?" என்றார் பெரியப்பா. குரலில் வெப்பம் ஏறியிருந்தது.

கம்பளி சரிந்து கிடந்த போர்வையை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டான். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கேமராவை நேராகப் பார்த்தான்.

"மன்னிச்சிக்கங்க ஐயா. எனக்குச் சின்ன வயசுல வீசிங் இருந்திச்சு. குளிரு வந்தா மூச்சு விட முடியாது. ஸ்கூலுக்குப் போனத விட ஆஸ்பத்திரிக்குப் போனதுதான் ஜாஸ்தி. எங்கம்மா ராத்திரியெல்லாம் என்னை மடியில சாச்சு வெச்சிக்கினு உக்காந்திருக்கும். இப்ப பல வருஷமா ஒண்ணும் இல்ல. ஆனா அந்த பயம் மட்டும் போவல. மறைச்சிக் கட்டிக்க எனக்கு இஷ்டம் இல்ல. உங்களுக்குப் பிடிக்கலன்னா பரவால்ல."

அவனோடு எத்தனை குளிர்காலம்! எங்களுக்கே அப்போதுதான் தெரியும். நனைந்த செல்வம் நனைந்தபடியே நின்றான். பெரியப்பா வாயைத் திறந்து மூடினார். போச்சு என்று நினைத்தேன்.

ஊட்டிக் கட்டத்தில் அந்தப் பெண் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினாள்.

"இன்ஹேலர் கையிலேயே வெச்சிருக்கீங்களா?"

"எப்பவும் பையில இருக்குங்க. வருஷா வருஷம் டாக்டரப் பாத்துடுவேன்."

"கால் வெச்சிருந்தீங்களே வெந்நீர், அதுல கல்லுப்பு போட்டீங்களா?"

கம்பளி திகைத்தான். "இல்லீங்க."

"போடணுங்க. போட்டாத்தான் இதமா இருக்கும். ஒரு நிமிஷம் இருங்க" என்று எழுந்து போனாள். திரும்பி வந்தபோது பட்டுப்புடவைக்கு மேல் முரட்டு ஸ்வெட்டர், அதற்கு மேல் சால்வை, காதைச் சுற்றி மஃப்ளர்.

"இன்னாம்மா இது கோலம்!" என்று பதறினார் பெரியப்பா.

"ஊட்டி குளிருது பெரியப்பா. நீங்க சொன்னீங்கன்னு காலைலேர்ந்து நடுங்கிக்கினு உக்காந்திருக்கேன். அவருக்கும் குளிருது, எனக்கும் குளிருது. அப்புறம் யாருக்காக இந்த வேஷம்?"

முதலில் சிரித்தது கம்பளியின் அம்மா. அழுதுகொண்டே சிரித்தார். பிறகு பெரியப்பா சிரித்தார். அதற்கப்புறம் எல்லாரும் சிரிப்பதற்கு அனுமதி கிடைத்துவிட்டது. செல்வம் ஈரச் சட்டையோடு என்னைக் கட்டிக்கொண்டு குதித்ததில் நானும் நனைந்தேன். எனக்கென்னவோ நானே பரீட்சையில் தேறிவிட்ட மாதிரி அப்படி ஒரு நிம்மதி. சத்தம் கேட்டு மாடியேறி வந்த ஸ்டெல்லா ஆன்ட்டி, தரையெல்லாம் தண்ணீரைப் பார்த்துவிட்டு, விஷயம் தெரிந்ததும் திட்டுவதை மறந்து ஜெபம் செய்துவிட்டுப் போனார்.

கல்யாணம் வேலூரில், கொளுத்தும் கத்திரி வெயிலில் நடந்தது. மண்டபத்து மின்விசிறிகள் அனலை அள்ளி வீசின. செல்வம் துவண்டுபோய் ஒரு தூணில் சாய்ந்திருந்தான். எனக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மேடையில் பட்டு வேட்டியும் சட்டையும் மாலையுமாகக் கம்பளி மட்டும் ஒரு பொட்டு வேர்வை இல்லாமல் நின்றான். பக்கத்தில் அவளும் அப்படியே. பரிசைக் கொடுக்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டு காதோரம் குனிந்தான்.

"எவ்ளோ கதகதப்பா இருக்கு, இல்லடா?"

அந்த வெயிலில் பக்கத்தில் ஆள் நின்றாலே எரிச்சல் வரும். ஆனாலும் அவனை இறுக்கிக் கட்டிக்கொண்டேன், விட மனசு வரவில்லை.