காக்கியைக் கண்டால் வாக்குமூலம்

அடிக்காமல், மிரட்டாமல், ஒரு கேள்விகூடக் கேட்காமல் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் மனிதர் மலாயா முழுவதற்கும் ஒருவர்தான் இருந்தார். அவர் காஜா பெராங்கில் என் எதிர்வீட்டில் குடியிருந்தார். காக்கிச் சட்டையைக் கண்டால் போதும், நெஞ்சில் இருப்பதெல்லாம் வாய்க்கு வந்துவிடும். தெரு அவருக்கு வைத்த பெயர் ‘வாக்குமூலம்’. பெற்றோர் வைத்த பெயர் எனக்குத் தெரியாது. காக்கி போட்டுக்கொண்டு போய்க் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

தபால்காரரை வாசலில் நிறுத்தி, “போன மாசம் நாய் உங்களத் தொரத்துனப்ப நான் உள்ள நின்னு சிரிச்சேங்க” என்றார். பஸ் கண்டக்டரிடம், என்றோ இரண்டு ஸ்டாப் கூடுதலாகப் பயணம் செய்ததைச் சொல்லி அழாத குறை. சாரணர் படைச் சிறுவன் ஒருவன் வழி கேட்டான். கோயில் மரத்தில் மாங்காய் பறித்ததை அவனிடம் ஒப்புக்கொண்டார். நான் அப்போது அரசாங்க குமாஸ்தா. வாக்குமூலம் வாங்க முதலில் எச்சரிக்கை, பிறகு சாட்சி, பிறகு கையெழுத்து என்று முறை உண்டு. அவர் இருந்தால் இலாகாவுக்கு எவ்வளவு நேரம் மிச்சம் என்று நினைத்துக்கொள்வேன்.

இப்படிப்பட்டவர்தான், அப்பா இல்லாத தன் அக்காள் மகள் லெட்சுமிக்குத் தாய்மாமன் சீர் கொண்டுபோக வேண்டியவர்.

மாப்பிள்ளை தமிழ்ப்பள்ளி வாத்தியார். ஜனவரியில் பள்ளி திறக்கும்போது வேறு தோட்டத்துக்கு மாற்றல். கல்யாணமானவருக்கு வீடு, ஆகாதவருக்குப் பள்ளிக்கூடத்துப் பின்னறை என்பது விதி. மார்கழி பிறந்தால் முகூர்த்தம் கிடையாது. தை பிறப்பதற்குள் பள்ளி திறந்துவிடும். எனவே கார்த்திகையின் கடைசி முகூர்த்தத்தை விட்டால் வீடும் இல்லை, அநேகமாக மாப்பிள்ளையும் இல்லை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. லெட்சுமி மாப்பிள்ளையைவிட ஒரு வயது மூத்தவள். பிறப்புச் சான்றிதழில் ஒரு வயது, ஜாதகத்தில் ஒரு வயது. இரண்டும் வெவ்வேறு இலாகா என்பதால் யாரும் ஒத்துப் பார்ப்பதில்லை. எங்கள் தெருவுக்கே தெரிந்த இந்த விஷயம் மாப்பிள்ளை வீட்டுக்கு மட்டும் தெரியாது.

அது அவசரகாலம். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேரும் என்று சாலையில் ஒரு பிடி அரிசி கொண்டுபோகவும் தடை. வழியில் மாத்தா, அதாவது போலீஸ்காரர், நிறுத்திச் சோதிப்பார். சீர்த்தட்டில் அரிசி வைக்காமல் எப்படிப் போவது? அக்காள் அரிசியைப் பட்டுப்புடவைகளுக்கு அடியில் புதைத்தாள். அட்சதைக்கு மஞ்சள் கலந்ததைத் தனி முடிச்சாகக் கட்டிச் செருகினாள். சட்டம் அரிசி என்றுதான் சொல்கிறது, நிறத்துக்கு விலக்குத் தரவில்லை என்றேன்.

“சட்டம் தெரிஞ்ச ஆளு முன் சீட்டுல உக்காருங்க” என்று, கல்யாணம் நடக்கும் தோட்டத்துக்குப் புறப்பட்ட டாக்சியில் என்னை ஏற்றிவிட்டாள். பிறகு தம்பியிடம் திரும்பினாள். “மாத்தாகிட்ட என்ன வேணா ஒளறித் தொலை. வயசப் பத்தி வாயத் தொறந்தே, நீ எனக்குத் தம்பியே இல்ல.”

டாக்சி ஓட்டியவர் கம்போங் செட்டிக்காரர். கும்பிடுவது நம் சாமியை, பேசுவது மலாய். ஜாசின் தாண்டியதும் சோதனைச் சாவடி தெரிந்தது. அக்காள் ஒரு கவுளி வெற்றிலையை அப்படியே தம்பியின் வாயில் திணித்தாள். கன்னங்கள் இரண்டும் பூசணிக்காய் ஆயின.

மாத்தா எங்கள் ஜன்னலில் குனிந்தார். சிகரெட்டுக்கு நெருப்பு இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

வாக்குமூலம் கதவைத் திறந்தார். அவ்வளவு வெற்றிலையையும் சாலையில் துப்பினார். “ஆடா பெராஸ், துவான்!” என்றார். அரிசி இருக்கிறது, ஐயா!

“ஆயோ, மாமா, டியாம் லா!” என்று டிரைவர் ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டார். வாயை மூடச் சொல்லிப் பயன் இல்லை. அரிசி எந்தப் புடவைக்கு அடியில் என்பது முதல் மஞ்சள் முடிச்சு வரை எல்லாம் வந்துவிட்டது. “இது திங்கிறதுக்கு இல்ல துவான், தலைமேல வீசறதுக்கு” என்று மலாயில் விளக்கமும் கொடுத்தார். ஒரு பிடி அரிசிக்கு ஆளைப் பிடிக்கிற காலத்தில் அதை வீசி எறிகிறார்களா என்று மாத்தா எங்களை ஒரு தினுசாகப் பார்த்தார். பாவம், அவருக்கே சங்கடம். கேட்டது நெருப்பு. அரிசியை எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிட்டார். இவரை உள்ளே வைத்தால் எழுதி மாளாது என்று தெரிந்திருக்கும்.

பின்சீட்டில் மணப்பெண் லெட்சுமி மட்டும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தாள்.

தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசலில் மாப்பிள்ளையின் அப்பா நின்றிருந்தார். தோட்டத்தில் தண்டல், அதாவது ஆட்களை வேலை வாங்கும் மேஸ்திரி. துரை வருவார் என்று மகன் கல்யாணத்துக்கும் சலவை செய்த காக்கியில் இருந்தார். தலை முதல் கால் வரை காக்கி. அக்காள் முகம் வெளுத்துவிட்டது. கைவசம் வெற்றிலையும் இல்லை.

தண்டல் தட்டுகளைப் பார்த்தார். “சீர்ல அரிசி எங்க?”

“மாத்தாகிட்ட குடுத்துட்டேங்க.”

“கேட்டாரா?”

“இல்லிங்க. நெருப்புதான் கேட்டாரு.”

தண்டல் சிரிக்கவில்லை. “ஒளிச்சுத்தானே கொண்டாந்திருக்கீங்க? வேற எத ஒளிச்சிருக்கீங்க? பொண்ணப் பத்தி நான் தெரிஞ்சுக்க வேண்டியது ஏதாச்சும் இருந்தா இப்பவே சொல்லிடுங்க. தாலி ஏறுனதுக்கப்புறம் பேச்சு கெடையாது.”

வாக்குமூலம் அந்தக் காக்கியை மேலும் கீழும் பார்த்தார். வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது.

“ஒண்ணு இருக்குங்க.”

அக்காள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“பொண்ணுக்கு இடின்னா பயங்க. இடிச்சா எந்திரிச்சு உக்காந்துக்கும். பக்கத்துல ஒரு ஆளு பேசிக்கிட்டே இருக்கணும். என்ன பேசுனாலும் சரி, நிறுத்தக் கூடாது. அவங்கப்பா போனதுலேர்ந்து நாந்தான் பேசிக்கிட்டிருந்தேன். இனிமே உங்க வீட்ல யாராச்சும் பேசணுங்க.”

தண்டல் சட்டைப் பித்தானைத் திருகினார். “எம் பையன் வாத்தியாருங்க. நிறுத்தாம பேசறதுதான் அவன் தொழிலே. உள்ள வாங்க.”

அட்சதைக்குப் பதில் பூவை உதிர்த்துப் போட்டோம். முகூர்த்தம் தவறவில்லை. ஜனவரியில் பள்ளி திறந்தபோது வீடும் கிடைத்தது.

முக்கியமான உண்மையை விட்டுவிட்டுக் கொடுத்த வாக்குமூலம் செல்லாது என்பது முறை. உத்தியோகத்தில் எத்தனையோ வாக்குமூலங்களைப் படித்து, கோப்பில் சேர்த்து, மறந்துவிட்டேன். இடி இடிக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது அந்தச் செல்லாத ஒன்றுதான்.