எல்லா வரனுக்கும் ஒரே மீசை

மௌஸைத் தொடுகிறவன் அரை மனிதன் என்று நான் நம்பிய காலம் ஒன்று உண்டு. மெயிலைக்கூடக் கறுப்புத் திரையில், வெறும் எழுத்தாக, கீபோர்டைத் தட்டித்தான் படிப்பேன். படம் வந்தால் அதில் தெரியாது. தனியாகச் சேமித்து, வேறொரு புரோகிராமில் திறக்க வேண்டும். (ஒரு படம் பார்க்க இத்தனை பாடா என்று கேட்டவர்களைப் பரிதாபமாகப் பார்ப்பேன்.)

அந்தத் திமிர் உச்சத்தில் இருந்தபோதுதான் வித்யா அக்காவுக்கு வரன் பார்த்தார்கள். மயிலாப்பூர்த் தரகர் சாம்பு மாமா, ஜாதகத்தையும் போட்டோவையும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்றார். அதெல்லாம் கண்ட இடத்தில் போகக் கூடாது, எனக்கு மெயிலில் அனுப்புங்கள் என்றேன். என் வாயை அன்றைக்கே தைத்திருக்கலாம்.

முதல் வரன் அடர்ந்த மீசையோடு, யாருடைய காரிலோ சாய்ந்து நின்றிருந்தார். அக்கா பார்த்தவுடனே வேண்டாம் என்றாள். இரண்டு நாளில் இரண்டாவது வந்தது. மாமா எல்லாப் படத்துக்கும் 'போட்டோ' என்றே பெயர் வைப்பவர். இதே பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருக்கிறது, பழையதை அழித்து எழுதவா, அதோடு சேர்க்கவா, விட்டுவிடவா என்று புரோகிராம் கேட்டது. எங்கள் வீட்டில் காலி ஊறுகாய் பாட்டிலைக்கூடத் தூக்கிப் போட மாட்டோம். சேர் என்று தட்டினேன். திறந்தால் அதே மீசை, அதே கார்.

மூன்றாவதையும் அப்படியே சேர்த்தேன். மறுபடி அதே மீசை. அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏண்டா, ஒரே ஆளுக்கு மூணு ஜாதகமா? இந்த மாமா யாரை ஏமாத்தறார்?"

எனக்கு ரத்தம் கொதித்தது. மூன்றாவது ஜாதகத்தின் அடியில் இருந்த முகவரிக்கே, படம் பார்த்தோம், பிடிக்கவில்லை என்று மெயில் தட்டிவிட்டேன். பிறகு மாமாவுக்குப் போன் போட்டு, வாயில் வந்ததையெல்லாம் பேசினேன்.

மறுநாள் காலை மாமா கோட்டூர்புரத்துக்கே வந்து, எங்கள் சாப்பாட்டு மேஜையில் மூன்று படங்களைப் பரப்பினார். மூன்று முகம். மீசை ஒன்றில்தான் இருந்தது.

"எழுபது வயசுல நேக்கு மோசடிக்காரன்னு பேர் வாங்கிக் குடுத்துட்டியேடா அம்பி."

நான் சேர்த்த படங்கள் ஒரே ஃபைலுக்குள் ஒன்றின் பின் ஒன்றாக நின்றிருக்கின்றன. முன்னால் நின்ற மீசைக்காரர் மட்டும் தெரிந்திருக்கிறார். நான் இதை விளக்கியது எதுவும் அக்கா காதில் விழவில்லை. மூன்றாவது படத்தைக் கையில் எடுத்தவள் கீழே வைக்கவே இல்லை. பிடிக்கவில்லை என்று நான் எழுதியனுப்பிய அதே ஸ்ரீதர். நீயே போய்ச் சரிபண்ணிவிட்டு வா என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது. எனக்கு என்னையே அறைய வேண்டும்போல இருந்தது.

திருவான்மியூரில் ஸ்ரீதரின் அப்பா எனக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. கறுப்புத் திரை, ஃபைல், சேர்ப்பது, அழிப்பது என்று அரை மணி நேரம் பேசினேன். எனக்கே நம்பும்படி இல்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஸ்ரீதர் கடைசியில் வாயைத் திறந்தார்.

"அப்போ உங்க அக்கா என்னை இன்னும் பாக்கவே இல்லையா?"

"இன்னிக்குக் காலம்பரதான் பாத்தா. படத்தைக் கீழ வைக்க மாட்டேங்கறா," என்றேன்.

உள்ளேயிருந்து காபி வந்தது.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. நானும் இப்போது ஊரோடு ஒத்து மௌஸைப் பிடித்துத்தான் மெயில் படிக்கிறேன். ஆனாலும் வீட்டில் யார் படம் எடுக்கப் போனைத் தூக்கினாலும், அத்திம்பேர் ஸ்ரீதர் என் தோளைப் பிடித்துப் பின்வரிசைக்குத் தள்ளுகிறார்.

"அம்பி, நீ முன்னால நிக்காதே. அப்பறம் நான் தெரிய மாட்டேன்."